மேல் படிக்குக் கேக்காது

உக்காருங்க தம்பி, காலிதான். அந்த சீட்டுக்கு ஆள் வரல. சித்த இருங்க, பையை இக்கட்டால எடுத்துக்கறேன். ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, குடுக்க மாட்டேன்.

அந்தக் கண்டக்டரைப் பாத்தீங்களா? இங்க ஒரு சீட்டு ஆளில்லாமப் போகுது, நீங்க விழுப்புரத்துல இருந்து கம்பியப் புடிச்சுட்டு நிக்கறீங்க, அவன் செல்லுல படம் பாத்துட்டு வர்றான். மூளைன்னு ஒண்ணு வேண்டாமா? நான் கூப்பிடலீன்னா குளித்தலை வரைக்கும் நின்னுட்டேதான் வந்திருப்பீங்க. நான் கரூரு. கடைசி வரைக்கும் போகோணும்.

ஆள் வரலைன்னா, வராமயே போயிடல. என்ற சம்சாரந்தான். ரெண்டு பேருக்கும் சேத்து பையன் முன்னாலயே பதிஞ்சு வெச்சுட்டான். ஏரோப்ளேன்லயும் இப்படித்தான் பக்கத்து சீட்டு காலியா வந்துது. பின்னால வருவா. எங்க போனாலும் நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாப் பின்னால வர்றா, அவ்வளவுதான்.

பிரான்ஸுக்குப் போயிட்டு வர்றனுங்க. அட, இப்படி வாயப் பொளக்காதீங்க. பிரான்ஸுன்னதும் எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க. ஒண்ணுமில்லீங்க தம்பி அங்க. நான் சொல்றதைக் கேளுங்க, உங்களுக்கு ஒரு ஆசை கீசை இருந்தா இத்தோட விட்டுருவீங்க.

மொதல்ல இந்த ஜன்னலைப் பாருங்க. கடகடன்னு ஆடுதா? ரப்பரை ஒழுங்கா வெக்கல. இந்த வண்டிக்கு பாடி கட்டினவன் எவன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேப்பேன். நான் பஸ் பாடி கட்றவனுங்க. கரூருல பட்டறை. இப்பப் பையன் பாக்கறான், ஆனா நான் போய் நின்னாத்தான் வேலை நடக்கும். ஆயுசு பூரா தகரத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவுல நின்னவன். அதனால காது கொஞ்சம் மந்தம்னு ஊருல சொல்லுவாங்க. சொல்லட்டும்னு விட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, காது நல்லாத்தான் இருக்குது. டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா பட்டறைக்காரனுக்கு அது ஒரு வசதி தம்பி. வேலைக்காரன் லீவு கேப்பான், "என்னப்பா? கேக்கல"ன்னு சொன்னா ரெண்டாந்தரம் கேக்கக் கூச்சப்பட்டுட்டுப் போயிருவான். வூட்டுலயும் அப்படித்தான். பொம்பளைங்க என்னத்தையாவது சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டிருந்தா வூடு வெளங்குமா? "என்ன? கேக்கல." முடிஞ்சுது. சண்டையே இல்ல. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க.

சரி, பிரான்ஸு. மக கோகிலா அங்க லியோன்ங்கற ஊருல இருக்கறா. மாப்ள கம்ப்யூட்டர் வேலை. மாப்ளயை மரியாதை இல்லாமப் பேசக் கூடாதுதான், ஆனா பேச வெக்கறாரே என்ன பண்றது? வூட்டுக்குக் கீழ நல்ல காரு நிக்குது. அதை அங்கயே நிறுத்திட்டு, "வாங்க மாமா, எல்லாரும் சைக்கிள்ல போலாம்"ங்கறாரு. எங்க மாப்ள போறோம்னு கேட்டேன். "போற எடம் முக்கியமில்ல மாமா, போறதுதான் முக்கியம்"ங்கறாரு. எப்படி இருக்குது பாருங்க. அங்க தெக்கால ஒரு சீமை பூரா திராட்சைத் தோட்டம். சாராயத்துக்குப் போடற திராட்சை. நடுநடுவுல ரோமானியன் கட்டி இடிஞ்சு போன கட்டடம். ஒரு தோட்டம், ஒரு இடிஞ்ச கட்டடம், மறுபடி ஒரு தோட்டம், மறுபடி ஒரு இடிஞ்ச கட்டடம். இதை மெதுவா மிதிச்சுட்டே பாக்கோணுமாம். இதை நடத்த ஒரு கம்பெனி, வழி காட்ட எலோடின்னு ஒரு புள்ள, கூட வர்றதுக்குப் பத்துப் பன்னெண்டு பேரு. நம்ம துணிமணியெல்லாம் வேன்ல ஏத்தி அடுத்த ஊருக்கு அனுப்பிருவாங்க. மனுசனை மிதிக்க விட்டுட்டு மூட்டையை வண்டியில அனுப்பற நாடு தம்பி அது.

கூட வந்ததுகளைப் பாக்கோணுமே! எழுபது வயசுக் கெழவன், கெழவி, எல்லாம் அரை டவுசரு. அதுவும் குண்டியில பஞ்சு வெச்சுத் தெச்ச டவுசரு. என்னையும் போடச் சொன்னாங்க. நான் வேட்டியே கட்டிக்கறேன்னேன். சங்கிலியில மாட்டிக்கும்னாங்க. கடைசியில பேண்டு போட்டுக் கீழ ரெண்டு கிளிப்பு மாட்டி விட்டாங்க. கருமம்.

எனக்கு பேட்டரி வெச்ச சைக்கிள். வயசானவருன்னு சொல்லி மாப்ளயே அதைப் பதிஞ்சிருக்கறாரு. எனக்கு! அவளுக்கும் பேட்டரி வண்டிதான் பதிஞ்சிருந்தாங்க. இவ என்ன பண்ணினா தெரியுமா? மககிட்ட, "எனக்குச் சும்மா சைக்கிளே போதும் அம்மிணி"ன்னுட்டா. நான் சிரிச்சேன். விழுந்து வாரி மூக்கை ஒடச்சுக்கப் போறான்னு பாத்துட்டே நிக்கறேன். சுடிதாரை இழுத்துச் செருகினா, ஒரு காலை பெடல்ல வெச்சா, ரெண்டு உந்து உந்தினா, ஏறி உக்காந்துட்டா. போயிட்டே இருக்கறா. அந்தப் புள்ள எலோடி கையத் தட்டுது.

கல்யாணத்துக்கு முந்தி ஓட்டியிருக்கறா. வேலாயுதம்பாளையத்துல அவங்க தோட்டத்துல இருந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதான் போவாளாம். சீரோட சீரா எங்க மாமனார் ஒரு லேடீஸ் சைக்கிளும் வாங்கிக் குடுத்தாருங்க. சேப்புக் கலரு, முன்னால கூடை. நமக்கு எதுக்கு அது? பஸ்ஸே கட்றவன் வூட்டுப் பொம்பளை சைக்கிள்ல போனா நாலு பேர் என்ன பேசுவான்? பட்டறை வாட்ச்மேன் மகளுக்கு ஸ்கூல் தூரம்னான், தூக்கிக் குடுத்துட்டேன். அப்ப ஊருல எல்லாரும் என்னைப் பெருமையாச் சொன்னாங்க. இவளும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்.

அங்க ஒரு சட்டம் வெச்சிருக்காங்க, அதைச் சொல்லோணும். கூட்டமாப் போகும்போது யாரும் வழி தவறக் கூடாதுல்ல? அதனால முன்னால போறவங்க, வழி பிரியற முக்கு வந்தா நின்னுக்கோணும். பின்னால வர்றவங்க கண்ணுக்குத் தெரியற வரைக்கும் நின்னு, இந்தப் பக்கம்னு கையை நீட்டிக் காட்டோணும். அப்பறந்தான் நகரலாம். நான் பேட்டரி வண்டியில கடைசியா வருவேன். வேகமாப் போக முடியும், ஆனா நான் போகல. எனக்கு எதுக்கு அவசரம்? ஒவ்வொரு முக்குலயும் இவதான் நிப்பா. கையை நீட்டிட்டு. நான் கிட்ட வந்ததும் மறுபடி ஏறிப் போயிருவா. அதுல எனக்கு ஒரு திருப்திதான். அந்த ஊருக்காரிங்க புருசன் வர்றானா போறானான்னு திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நம்மாளு நின்னு பாத்துட்டுப் போறா, பாருங்க. மாப்ளகிட்டச் சொன்னேன், "பாத்தீங்களா மாப்ள, வளப்பு." அவரு, "எல்லாரும் அப்படித்தான் மாமா நிக்கோணும், ரூல்ஸ்"ங்கறாரு. இவருக்கு என்ன தெரியும்?

திராட்சைத் தோட்டம்னாங்களே, அதையும் கேளுங்க. நம்ம கம்பம் ஊருல எப்படிப் பந்தல் போட்டுக் கொடி ஏத்தியிருக்கான்? உள்ள போனா நெழலு, தலைக்கு மேல குலை குலையாத் தொங்கும். அங்க இடுப்பு ஒசரம் கூட இல்ல. வரிசையா குட்டைச் செடி, கல்லு மண்ணு, பழம் சுண்டக்கா அளவு. ஒண்ணைப் பறிச்சு வாயில போட்டேன், முழுக்கக் கொட்டை. அதைப் புழிஞ்சு, வருசக்கணக்கா பீப்பாயில ஊற வெச்சு, நமக்கு முன்னால ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தி, அதை ஒருத்தன் ஆட்டறான், மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கறான், வாயில ஊத்திக் கொப்புளிக்கறான், ஒரு வாளியில துப்பறான். துப்பிட்டு அந்தாளு சொல்றான், ஈரக் கல்லு வாசனை வருதாம். கல்லு வாசனை வேணும்னா கல்லை மோந்து பாரேண்டா! நம்ம ஊருல குடிக்கறவன் ஒழுங்காக் குடிச்சுட்டு ஒழுங்கா விழுந்து கெடக்கறான். இவனுங்க குடிக்கவும் மாட்டேங்கறான், விழவும் மாட்டேங்கறான்.

அங்கதான் தம்பி, அந்தத் தோட்டத்துல மரத்தடியில ரொட்டி தின்னுட்டிருக்கறப்பதான், மொதல் தடவை சொன்னா. "ஏனுங்க, நான் இப்ப ஊருக்கு வரலீங்க."

நான் ரொட்டியைப் பாத்துட்டே, "என்ன? கேக்கல"ன்னேன்.

வழக்கமா அதோட முடிஞ்சுரும். அவ எந்திரிச்சுத் தட்டை எடுத்துட்டுப் போயிருவா. அன்னைக்கும் எந்திரிச்சா. போய் சைக்கிளுக்குக் காத்து இருக்குதான்னு அமுக்கிப் பாத்துட்டு நின்னா.

மக என்னை மொறைக்கறா. "அப்பா, அம்மா சொன்னது காதுல விழலையா?" நான் சொன்னேன், "அம்மிணி, காத்தடிக்குது." காத்து அடிக்கத்தான் செஞ்சுது. அந்த ஊருல எந்நேரமும் காத்து, அதுக்குத் தனியா ஒரு பேரு வேற வெச்சிருக்கறானுங்க.

அடுத்து ஒரு பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆத்துக்கு மேல மூணு அடுக்கு வளைவு, உச்சியில வாய்க்கா. ரோமானியன் கட்டினது. சுண்ணாம்பு இல்லாம, சும்மா கல்லு மேல கல்லு வெச்சே கட்டியிருக்கான்னு அந்தப் புள்ள எலோடி கண்ணெல்லாம் மின்னச் சொல்லுது. சரி, தண்ணி எங்கன்னு கேட்டேன். தண்ணி நின்னு ரொம்பக் காலமாச்சாம். அப்பறம் என்ன வாய்க்கா அது? எங்க பக்கத்துல ராஜவாய்க்கா இன்னைக்கும் ஓடுது, இன்னைக்கும் வாழைக்குப் பாயுது, ஒருத்தன் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறானா? ரோமானியனைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறாங்க தம்பி! மழை பேஞ்சு நின்னா எங்க அமராவதி ஆத்து மணல்ல அவன் மூஞ்சி போட்ட காசு கெடக்கும், நாங்க பொடுசா இருக்கறப்பப் பொறுக்கியிருக்கோம். அவனே எங்க ஊருக்கு யாவாரத்துக்கு அலைஞ்சவன். அவனைப் பாக்க நான் சைக்கிள் மிதிச்சுட்டு வரோணுமா?

அந்தப் பாலத்து மேல நின்னுட்டு ரெண்டாந்தடவை சொன்னா. "ஏனுங்க, டிக்கெட்டை மாத்தச் சொல்லுங்க. நான் கோகிலாகூட இருக்கறேன்."

"கேக்கல, ஆத்துச் சத்தம்"னேன். எவ்வளவு பெரிய ஆறு அது? நம்ம வாய்க்கா அளவுதான். ஆனா சத்தம்னு சொன்னா சத்தந்தானே.

உண்மையைச் சொல்லோணும்னா எனக்குக் கொஞ்சம் வெசனம் வந்துருச்சுங்க. அவ ஒரு விசயத்தை ரெண்டு தடவை சொன்னதில்ல. இது மகளோட வேலைன்னு நெனச்சேன். அம்மாளை வெச்சுட்டா சமையலுக்கு ஆளாச்சுல்ல? அதுவும் இல்ல, அங்க மாப்ளதான் சமைக்கறாரு. இவளை உக்கார வெச்சுப் பரிமாறறாங்க. இவளும் உக்காந்து திங்கறா, எனக்கு முந்தியே கையை நனைக்கறா. புத்தியைக் கெடுக்கறதுக்கு வேற என்ன வேணும்? அடுத்த நாளு நான் சைக்கிளே வேண்டாம்னுட்டேன். மூட்டை போற வேன்ல முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். டிரைவருக்கு என்ற பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. நிம்மதியா இருந்துது. வழியில ஒரு மேட்டுல அவியளைத் தாண்டிப் போறோம். இவ எல்லாருக்கும் முன்னால மிதிச்சுட்டு ஏறறா. மூஞ்சியெல்லாம் வேர்வை, முடியெல்லாம் காத்துல. நான் கண்ணாடியை எறக்கிக் கையாட்டினேன். அவ பாக்கல.

கடைசியா ஒரு ஊரு. பேரு ஆரஞ்சு மாதிரி என்னமோ சொன்னாங்க. ஒரு ஆரஞ்சு மரம் கண்ணுல படல. அங்க ரோமானியன் கட்டின நாடகக் கொட்டாய். ஒரு பக்கம் பெரிய செவுரு, கோட்டை மாதிரி. நடுவுல மேல ஒரு ராஜா சிலை, கையைத் தூக்கிட்டு நிக்குது. எதுத்தாப்புல அரை வட்டமா கல்லுப் படி, மேல மேல போயிட்டே இருக்குது. அந்தப் புள்ள எலோடி கீழ நின்னுட்டு சொல்லுது: இந்த மேடையில நின்னு சாதாரணமாப் பேசினாப் போதும், மேல கடைசிப் படியில உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கும், மைக்கே வேண்டாம்னு. மாப்ள அதைத் தமிழ்ல சொல்றாரு, என்னமோ அவரே கொத்துக் கரண்டி புடிச்சுக் கட்டின மாதிரி.

எனக்குப் பொறுக்கல தம்பி. வந்ததுல இருந்து கல்லுன்னா சரி, தண்ணியில்லாத வாய்க்கான்னா சரின்னு கேட்டுட்டு வந்தேன். சத்தத்தைப் பத்தி எனக்கே சொல்லுதே! "மாப்ள, அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க. நான் பஸ்ஸு கட்றவன். நாலு பக்கமும் தகரம் வெச்சு மூடின வண்டியிலயே டிரைவர் பேசறது பின் சீட்டுக்குக் கேக்காது. இது வானம் பாத்த கொட்டாய். இத்தனை படி. கேக்கவே கேக்காது. ரோமானியன் சொன்னானாம், இவிய நம்பினாங்களாம்"னேன். அவரு அதைச் சொல்ல, அந்தப் புள்ள சிரிச்சுட்டே, அப்ப நீங்களே மேல போய்ப் பாருங்கன்னு சொல்லுது. கூட்டமெல்லாம் என்னையே பாக்குது. விடுவேனா? போறேன்னுட்டேன்.

யார் கீழ பேசறதுன்னு வந்துது. வெள்ளைக்காரன் பேசினா நாடகம் போடுவான். நான் இவளைத்தான் சொன்னேன். "ஏ புள்ள, நீ மேடையில நில்லு. நான் மேல போயிக் கை காட்டறேன். அப்பப் பேசு."

"என்ன பேசட்டுங்க?"ன்னா.

"என்னத்தையாவது பேசு. எப்படியும் கேக்கப் போறதில்ல."

ஆமாங்க, நானேதான் சொன்னேன்.

ஏறினேன். முட்டி ரெண்டும் கழண்டு போச்சு, அதை நான் வெளிய காட்டிக்கல. கடைசிப் படியில ஒரு வெள்ளைக்காரக் கெழவனும் கெழவியும் ஆப்பிள் தின்னுட்டு உக்காந்திருந்தாங்க. நானும் உக்காந்தேன். கீழ பாத்தா இவ கட்டெறும்பு அளவு தெரியறா. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். இந்த எடத்துல உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். எங்க கல்யாணம் ஆனதுல இருந்து இவ என்ற பேரைச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில புருசன் பேரு கேட்டாக்கூட பையன் பேரைச் சொல்லி அவங்கப்பான்னுதான் சொல்லுவா. என்ற பேரு நாச்சிமுத்து. அதுல வர்ற முத்துங்கறதைக்கூடச் சொல்ல மாட்டா. நகைக்கடையில முத்து மாலை வேணும்னா, அந்த வெள்ளை மணி மாலைன்னு கையக் காட்டுவா. கோயிலுக்குப் போனா முத்துமாரின்னு சொல்ல மாட்டா, மாரியாத்தான்னு நிறுத்திக்குவா. அப்பேர்ப்பட்டவ.

அவ அந்த மேடை நடுவுல நின்னு, மேல பாத்து, "நாச்சிமுத்து"ங்கறா.

கத்தல தம்பி. கத்தவே இல்ல. சமையக்கட்டுல நின்னு உப்பு இருக்குதான்னு கேக்கற மாதிரித்தான் சொன்னா. என்ற காதுகிட்ட வந்து சொன்ன மாதிரி இருந்துது.

அப்பறம், "கேக்குதுங்களா?"ன்னா. பேரைச் சொல்லிட்டு உடனே ங்க போடறா பாருங்க. "நான் ஊருக்கு வரலீங்க. ரெண்டு தடவை சொல்லிட்டேன், உங்களுக்குக் கேக்கல. இங்க நின்னு சொன்னாக் கேக்கும்னு இந்தப் புள்ள சொல்லுது. பட்டறைச் சத்தம் இங்க இல்லீங்க. நீங்க போங்க. நான் இருந்து சைக்கிள் ஓட்டோணும்."

அவ்வளவுதான். இதுக்குக் கூட்டமெல்லாம் கை தட்டுது! ஒருத்தனுக்கும் ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது, கை தட்டறான். பக்கத்துல ஆப்பிள் தின்ன கெழவி என்ற முதுகைத் தட்டிக் குடுக்கறா. அவ புருசன் எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் நீட்டறான். கீழ என்ற மக ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திட்டு நிக்கறா, மாப்ள தரையைப் பாத்துட்டு நிக்கறாரு. அந்தப் புள்ள எலோடி மட்டும் காதுல கைய வெச்சுட்டு, கேட்டுதான்னு என்னைப் பாத்து சைகையில கேக்குது.

நான் எந்திரிச்சு ரெண்டு கையையும் ஆட்டினேன். "நோ! நோ சவுண்டு! கேக்கல!"

அதுக்கு இவ என்ன பண்ணினா தெரியுமா? கையை எடுத்துக் காதுல குவிச்சு வெச்சு, தலையைச் சாச்சு, எனக்குக் கேக்கலையேங்கற மாதிரிக் காட்டினா. நான் பண்றதை எனக்கே பண்ணிக் காட்டறா! காட்டிட்டுச் சிரிச்சா. வாயைத் தெறந்து சிரிச்சா தம்பி. அந்தச் சிரிப்பும் மேல வரைக்கும் வந்துது.

என்ன? கேக்கலைன்னா எப்படி வார்த்தை விடாமச் சொல்றேன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. நீங்களும் அந்த மாப்ள மாதிரித்தான். ஒரு ஊகந்தான். வாயசைவை வெச்சு ஒரு ஊகம். கட்டெறும்பு அளவு தெரிஞ்சா வாயசைவு தெரியாதுங்கறீங்க. அப்பறமா மக சொன்னா, போதுமா? எப்படியோ, பந்தயத்துல நான் தோக்கல. அந்தப் புள்ளகிட்ட எறங்கி வந்தும் சொன்னேன், கட்டடம் சரியில்லைன்னு. அது என்னையும் பாத்து, இவளையும் பாத்து, வெளிய சைக்கிளை எடுக்கப் போயிருச்சு.

அதுக்கப்பறம் அதைப் பத்தி யாரும் பேசல. லியோனுக்கு வந்துட்டோம். நானும் எடுக்கல. கேக்காத பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்றது? பேசாம இருந்தா தானா அடங்கிரும்னு விட்டேன். ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் கார்ல போனோம், இவளும் வந்தா. பொட்டி ஒண்ணுதான் இருந்துது. அவ துணியையும் என்றதுலயே மடிச்சு வெச்சுட்டாப் போலன்னு நெனச்சுட்டேன். அவ பாஸ்போர்ட்டு எப்பவும் என்ற பையிலதான் இருக்கும், இருந்துது. வேற என்ன வேணும்?

உள்ள போனா ஒரு எடத்துல வழி ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம் போறதுன்னு எனக்கு வெளங்கல. பாத்தா இவ அங்க நிக்கறா. கையை நீட்டி, இந்தப் பக்கம்னு காட்டறா. சைக்கிள்ல போறப்பக் காட்டினாளே, அதே மாதிரி. சரின்னு நான் அந்தப் பக்கம் விறுவிறுன்னு நடந்தேன். நான் திரும்பிப் பாக்கற ஆளில்லீங்க. எனக்குப் பின்னால அவ செருப்புச் சத்தம் கேக்கும், அந்த நெனப்புலயே நடக்கறவன். கவுண்டர்ல போய் ரெண்டு பாஸ்போர்ட்டையும் வெச்சேன். அந்தப் பொண்ணு ஒண்ணை எடுத்து விரிச்சு, என்னைப் பாத்து, எனக்குப் பின்னால பாத்து, இந்த அம்மா எங்கன்னு கேக்குது. அப்பத்தான் திரும்பினேன்.

அங்கயே நிக்கறா. அந்த முக்குல. நீட்டின கையை இன்னும் மடக்கல.

மக ஓடி வந்து அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போனா. "போன் பண்றோம்ப்பா"ன்னா. நான் மறுபடி பாக்கறப்ப இவ நடந்து போயிட்டிருக்கறா. எனக்கு ஒண்ணுதான் வெளங்கல தம்பி. ஏரோப்ளேன்ல பூரா அதையே யோசிச்சுட்டு வந்தேன். முன்னால போறவங்கதானே முக்குல நின்னு கை காட்டோணும்னு சட்டம்? இவ எப்ப எனக்கு முன்னால போனா?

பரவால்ல. விசா மூணு மாசந்தான். முடிஞ்சா அவனே புடிச்சு அனுப்பிருவான். அதுக்குள்ள பனி கொட்டும், சைக்கிளாவது ஒண்ணாவது. என்ற பையன்கிட்ட என்ன சொல்றதுன்னுதான். அம்மா கொஞ்ச நாள் கழிச்சு வர்றாங்கன்னு சொல்லுவேன். அம்மாளுக்கு முட்டி வலின்னு சொல்லலாம். பக்கத்து வூட்டுல எல்லாரும் கேப்பாங்க, ஏரோப்ளேன்ல எடம் கெடைக்கலைன்னு சொல்லிக்கலாம். அவ சைக்கிள் ஓட்றான்னா சொல்ல முடியும்?

இருங்க, போன் அடிக்குது. காது மந்தம்னு பையன் இதுல சத்தத்தை முழுக்க ஏத்தி வெச்சிருக்கான். பாருங்க, நான் சொல்லல? அவதான். இருப்புக் கொள்ளலைல்ல?

ஆ, சொல்லு. வந்துட்டேன், பஸ்ஸுல போயிட்டிருக்கறேன்... ம்... ம்... என்ன?... கேக்கல... பஸ்ஸு சத்தம் புள்ள, ஒண்ணும் கேக்கல... என்ன சொல்ற?... கேக்கல, கேக்கல... அப்பறம் பேசறேன், வெய்யி.

டவர் கெடைக்கல தம்பி. என்னமோ சொல்றா. எப்ப வர்றேன்னு சொல்லக் கூப்பிட்டிருப்பா. இந்தக் கண்ணாடி ஆடற ஆட்டத்துல ஒரு எழவும் காதுல விழல. ரப்பர் ஒழுங்கா வெச்சிருந்தா...

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

உங்களுக்குக் கேட்டுச்சா?

எப்படிங்க கேக்கும்? இத்தனை சத்தத்துல...

நின்னுட்டா இருக்குது வண்டி? எப்ப நின்னுது? டீக்கடையா? எல்லாரும் எறங்கிட்டாங்களா? அட, ஒருத்தரும் இல்ல. என்ஜினையும் நிறுத்திட்டானா?

இல்ல, சொல்லாதீங்க. அவ சொன்னதை நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. எறங்கிப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. போங்க. சீட்டை நான் பாத்துக்கறேன்.